மழையைக் கேட்டு நாள் குறியுங்கள்

2002 செப்டெம்பர் 29, 30 ஆகிய இரு தினங்களிலும் கொழும்பில் மழை. இந்தியாவும் இலங்கையும் மோதிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம் இருமுறை தொடங்கியும், நூறு ஓவர்களுக்கு மேல் வீசப்பட்டும், முடிவின்றிப் போயிற்று. கிண்ணத்தை இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன.

இதற்கு மாற்று, மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில் 2001 மார்ச்சிலேயே தயாராகியிருந்தது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர் வலயத்தை வறண்ட கச்சானாகவே அடைகிறது. 2010 ஜூன் 24 ஆசியக் கிண்ண இறுதியாட்டமும், 2024 ஜூலை 28 மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டமும் தம்புள்ளையில் முடிவு கண்டன. இரண்டாவதில் நம் மகளிர் முதன்முறையாகக் கிண்ணம் வென்றனர்.

ஆயினும் 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ண ஆட்டங்களைக் கொழும்பில் வைத்து மீண்டும் மழையிடம் அகப்பட்டோம்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை தம்புள்ளையும் நனையும். அப்போது அங்கே நடத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தலைநகரில் விடுதி வசதியும் கூட்டமும் அதிகம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், நாட்கூலியைச் சேமித்து நுழைவுச்சீட்டு வாங்குபவன் காண விரும்புவது ஆட்டத்தையே. தார்ப்பாய் விரித்த மைதானத்தை அல்ல. பழைய மழைப் பதிவேடுகளைப் புரட்டிய பின்னரே நாளும் இடமும் குறிக்கப்பட வேண்டும் என்பதே என் கட்சி.