"வயசானா அப்படித்தான்"னு சொல்லி விட்டுடாதீங்க

கோவில் தொண்டூழியர்கள் நாங்க இன்னிக்கு கொஞ்சம் நீளமா எழுதுறோம். உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ சின்ன வயசுல போலியோ (இளம்பிள்ளை வாதம்) வந்தவங்க இருந்தா, கடைசிவரை படிங்க.

மலேசியாவுல 1971-72லயும், மறுபடி 1977லயும் போலியோ பரவுச்சு. அன்னிக்கு காய்ச்சல்ல படுத்த குழந்தைகளுக்கு இப்ப ஐம்பது வயசு, அதுக்கும் மேல. நம்ம கோவிலுக்கே வர்றாங்க.

அன்னதானத்துக்கு காய் நறுக்க வர்ற அக்கா ஒருத்தங்களுக்கு இடது கால் சூம்பினது. அந்தக் காலோடவே வேலைக்குப் போனாங்க, பிள்ளைங்கள வளர்த்தாங்க. இப்ப ரெண்டு வருஷமா வலது கால், அதாவது 'நல்ல' கால், வலு குறையுது. கிளினிக்குக்கு மூணு தடவை போனாங்க, மூணு தடவையும் வேற வேற டாக்டர். தைலம் கொடுத்தாங்க, "தினமும் நல்லா நடங்க"ன்னாங்க. நடந்தாங்க. மறுநாள் கட்டில விட்டு எழுந்திரிக்க முடியல.

இது போலியோ திரும்ப வர்றது இல்ல, யாருக்கும் ஒட்டாது. அன்னிக்கு நரம்பு செல்கள் நிறைய செத்துப்போச்சு. மிச்சம் இருந்த செல்கள் புதுக்கிளை விட்டு, செத்ததோட வேலையையும் சேர்த்துப் பார்த்துச்சு. முப்பது நாற்பது வருஷம் ரெட்டைச் சுமை தூக்கினா அதுங்களும் களைச்சுப் போகும்தானே? புதுசா பலவீனம், அசதி, வலி, குளிர் தாங்காம போறது, சிலருக்கு விழுங்கவும் மூச்சு விடவும் சிரமம். போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்னு இதுக்குப் பேரு.

டாக்டர்களை நாங்க குறை சொல்லல. 1992க்கு அப்புறம் இங்க போலியோவே இல்ல. 2019 டிசம்பர்ல சபாவுலதான் மறுபடி தெரிஞ்சுச்சு. இளம் டாக்டர்கள் பலரும் ஒரு போலியோ நோயாளியக்கூட பார்த்திருக்க மாட்டாங்க. அதோட, இதுதான்னு காட்டுற தனி டெஸ்ட் எதுவும் கிடையாது. தைராய்டு, சர்க்கரை, முதுகெலும்புன்னு ஒவ்வொண்ணா பார்த்து விலக்கணும். ஒருத்தரோட பழைய நடை எப்படி, இந்த நடை எப்படின்னு தெரிஞ்ச ஒரே குடும்ப டாக்டர்தான் இதுக்குத் தேவை. ஆளாளுக்கு அஞ்சு நிமிஷம் பார்த்தா பிடிபடாது. பிசியோவுக்கோ, மறுவாழ்வு சிகிச்சைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புறதும் அவங்கதான்.

போகும்போது ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க: எந்த வயசுல காய்ச்சல், எந்தக் கை கால், எப்போலேர்ந்து மோசம், எத்தனை தடவை விழுந்தாங்க. காலையில தலைவலியோட எழுந்தாலோ, மல்லாந்து படுத்தா மூச்சு முட்டினாலோ அதைக் கட்டாயம் சொல்லுங்க. ஆப்பரேஷன்னா மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கிட்ட போலியோ வந்ததை முன்கூட்டியே சொல்லணும். இவங்களுக்கு மயக்கம் தெளிய நேரமாகலாம்.

உடற்பயிற்சி வேண்டாம்னு நாங்க சொல்லல. அளவா, பிசியோ சொல்ற மாதிரி. மறுநாளும் அசதி தீரலன்னா அது அதிகம்.

(வேண்டுதல் வச்சா சரியாப் போகும்னு சொல்றவங்களுக்கு: வைங்க, கிளினிக்குக்கும் கூட்டிட்டுப் போங்க.)

சாப்பாட்டுக் கூடத்துல நாற்காலி போட்டிருக்கோம். தரையில உட்கார முடியலன்னு யாரும் வெட்கப்பட வேணாம். கிளினிக்குக்குத் துணை வேணும்னா அர்ச்சனை டிக்கெட் கவுண்டர்ல சொல்லி வைங்க, எங்கள்ல ஒருத்தர் கூட வருவோம்.