இரகசியமா? அரிச்சுவடியா?

'தொழில் இரகசியம்' என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் என்றுமே மதிப்பு அதிகம். வைத்தியர் மூலிகையின் பெயரைச் சொல்லமாட்டார். சமையற்காரர் மசாலாவின் அளவைச் சொல்லமாட்டார். கேட்டால் ஒரு புன்னகைதான் விடையாகக் கிடைக்கும். பாடகரின் குரலையும் பல கருவிகளின் ஒலியையும் தனித்தனியே பதிந்து, அவற்றை அளவறிந்து ஒன்றாகக் கலந்து தரும் 'மிக்ஸிங்' கலையைச் சுற்றியும் இன்று இத்தகைய புகைமூட்டம் ஒன்று சூழ்ந்திருக்கிறது. "பெரிய ஸ்டுடியோக்காரர்களிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை அவர்கள் வெளியே விடமாட்டார்கள்" என்று நண்பர்கள் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை தவறானது, அதனினும் மேலாக, நம் போன்ற கிராமத்து மாணவர்களுக்குத் தீங்கானது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஈண்டு முன்வைக்கிறேன்.

என் சொந்த ஊர் எட்டயபுரம். அவ்வூரின் பெயரைச் சொன்னதும் 1882-இல் அங்குப் பிறந்த பாரதியின் முறுக்கு மீசைதான் எல்லோருக்கும் நினைவில் வரும். ஆனால் இசை வரலாற்றிலும் அச்சிற்றூருக்குத் தனி இடம் உண்டு. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது எங்கள் ஊரில்தான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்துவான். மேனாட்டு வயலினை நம் இசைக்கு இசைவித்த முன்னோடிகளுள் ஒருவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனாகப் பிறந்து, அவருக்கே சுவீகாரப் புதல்வராகி, அதே அரண்மனையில் வித்துவானாக விளங்கியவர் சுப்பராம தீட்சிதர்.

நான் சொல்ல வந்த செய்தி இவரைப் பற்றியதுதான். முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளும், இராகங்களைக் கையாளும் முறைகளும் இவருடைய குடும்பத்தில் வாய்வழியாகக் காக்கப்பட்டு வந்தன. குருவின் எதிரே ஆண்டுக்கணக்கில் அமர்ந்தால் ஒழிய அவை கிட்டா. சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பர், சென்னையில் அரசுப் பணி பார்த்தவர், நம் இசையை எழுத்தில் பதித்துவிட வேண்டும் என்று தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டவர், இப்பாடல்களை அச்சேற்றுமாறு தீட்சிதரை வேண்டினார். குடும்பச் செல்வத்தை ஊரறியத் திறந்து வைக்கத் தீட்சிதர் முதலில் தயங்கினார் என்பர். பின்னர் அரண்மனையின் ஆதரவும் சேர, 1904-இல் எட்டயபுரத்து வித்தியா விலாசினி அச்சகத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் அதில் சுரக் குறிப்புடன் உள்ளன. 1961 முதல் சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழ் எழுத்தில் பல பகுதிகளாக வெளியிட்டது.

சரி, பூட்டைத் திறந்தாயிற்று. பெட்டிக்குள் இருந்தது என்ன? மந்திரமா? மாயமா? இல்லை. இன்ன இராகத்தில் இன்ன சுரம் வரும். இந்தச் சுரத்தை அசைக்க வேண்டும், இதை அழுத்த வேண்டும், இதிலிருந்து அதற்கு வழுக்கிச் செல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. கம்பிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒடுக்கல், ஓரிகை என அவற்றுக்குப் பெயர்கள். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடிய மாணவன் மேலும் நுணுக்கமாகக் கற்க வேண்டிய அடுத்த பாடங்கள் அவை. அடிப்படைகளை இம்மியும் பிசகாமல் போற்றியதுதான் அக்குடும்பத்தின் இரகசியமாக இருந்தது!

நிற்க. ஒலிக்கலவைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என் சித்தப்பா ஊர் ஊராக மைக் செட் கட்டுபவர். சென்ற சித்திரையில் ஒரு கோயில் கொடையில் அவருக்கு உதவியாகச் சென்றேன். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. குடத்தின் ஓசை ஓங்கிப் புலவரின் சொற்கள் விளங்கவில்லை. நான் புலவரின் மைக்கைக் கூட்டினேன். 'கூ' என்று பெட்டிகள் ஊளையிட்டன. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. சித்தப்பா ஓடிவந்து, கூட்டியதைக் குறைத்தார். குடத்தடியில் இருந்த மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார். பாடுபவர் மைக்கை நோக்கித் திரும்பியிருந்த பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"என்ன சித்தப்பா ரகசியம்?" என்றேன்.

"ரகசியம் ஒண்ணும் இல்லடே. எது எதை மறைக்குன்னு காது கொடுத்துக் கேளு. மறைக்கிறதக் கொஞ்சம் ஒதுக்கு" என்றார்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஆனால் அவர் செய்தது நம் இயற்பியல் வகுப்பில் உள்ளதுதான். திறந்த வெளியில் ஒலி மூலத்திலிருந்து தூரம் இருமடங்கானால் ஒலிச் செறிவு நான்கில் ஒரு பங்காகும். ஆகவே மைக்கை ஒரு முழம் நகர்த்துவதே பெரிய மாற்றம். பெட்டியின் ஒலி மைக்கில் நுழைந்து, மீண்டும் பெருகி, மீண்டும் நுழைவதால்தான் ஊளை பிறக்கிறது. ஏறத்தாழ ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் இரண்டனுள் வலியது மெலியதை மறைக்கும். குளிரூட்டிய ஸ்டுடியோவில் பல இலட்ச ரூபாய்க் கருவிக்கு முன் அமர்ந்திருப்பவரும் இதே விதிகளுக்குத்தான் கட்டுப்பட்டவர். அளவறிதல், மோதுவதை விலக்கல், இடம் ஒதுக்கல், எல்லை மீறிக் கூட்டாதிருத்தல், பலமுறை கேட்டல் என்னும் இவ்வைந்துமே அக்கலையின் அரிச்சுவடி.

இரகசியம் என்றால் அதனைப் பாடத்திட்டமாக வகுத்துக் கற்பிக்க இயலுமா? 2009-இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்ட ரசூல் பூக்குட்டி, புனே திரைப்படக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். சென்னைத் தரமணியில் நம் மாநில அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் ஒலித்துறை ஒரு படிப்பாகவே உள்ளது. கரும்பலகையில் எழுதிக் காட்டப்படுவது மறைபொருள் ஆகாது.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் நான் புறக்கணிக்கவில்லை. "பிரதர்சினி அச்சாகி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அதைப் படித்தவர் எல்லோரும் தீட்சிதர் ஆகிவிட்டனரா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. ஏட்டில் 'இச்சுரத்தை அசை' என்று எழுதலாம். எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா மைக்கை ஒரு முழம் தள்ளினார். ஒன்றரை முழம் ஏன் தள்ளவில்லை என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. இருபத்தைந்து ஆண்டுக் கொடைகள் அவர் காதில் இருக்கின்றன. ஆனால் மறைத்து வைப்பது வேறு. எழுத்தில் அடங்காதது வேறு. முன்னது பிறர் கையில் உள்ள சாவி. பின்னது நம் உழைப்பால் நாமே அடைவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான் ஏமாற்றுக்காரர்கள் பிழைக்கின்றனர்.

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன், 'தொழில்முறை ஒலிக்கலவையின் இரகசியங்கள்' என்ற விளம்பரத்தை நம்பி, தாயாரின் தோட்டை அடகு வைத்துப் பதினெட்டாயிரம் ரூபாயை ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டினான். மூன்று மாதத்தில் கிடைத்தது, எந்தப் பொத்தானை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்ற ஒரு பட்டியல். அது அவர்கள் பதிந்த பாட்டுக்குப் பொருந்தியது; அவன் பதிந்த பாட்டுக்குப் பொருந்தவில்லை. "எனக்கு இது வராது போல" என்றான். பட்டியலின் மேல் அவனுக்கு ஐயம் எழவில்லை, தன்மேல்தான் எழுந்தது. அதுதான் எனக்கு வேதனையளித்தது. இப்போது அவனும் எங்களோடு கொடைக்கு வருகிறான். கம்பி சுற்றுகிறான், கேட்கிறான், கற்கிறான். தோடுதான் இன்னும் மீளவில்லை.

'இரகசியம்' என்பது கதவைச் சாத்தும் சொல். உள்ளே இருப்பவர் மேதை, வெளியே நிற்பவர் மூடர் என்று அது கற்பிக்கிறது. 'அடிப்படை' என்பது கதவைத் திறக்கும் சொல். திறந்த பிறகு நடக்க வேண்டிய தூரம் நெடியதுதான். ஆயினும் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1904-இல் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்த சுப்பராம தீட்சிதர் 1906-இல் மறைந்தபோது, பாரதி அவருக்கு இரங்கற்பா பாடினார். அத்திறந்த மனத்துக்கும் சேர்த்தே அப்புகழ் உரியது என்று நான் எண்ணுகிறேன்.

முடிவாக, கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கும் வாடகைக்கு ஒலிபெருக்கி வருகிறது. அருகில் சென்றால் 'தொடாதே' என்கிறார்கள். அடுத்த ஆண்டு இயற்பியல் துறையின் மேற்பார்வையில் மாணவர் சிலரிடம் அதனை ஒப்படைத்துப் பாருங்கள். ஒரு முறை ஊளையிடும். இரண்டு முறை ஊளையிடும். மூன்றாம் முறை, தலைவர் உரை கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்.