இரும்புக் குளிசையும் ஆவாரம்பூத் தேநீரும்

ஊரையும் வயலையும் விட்டு வந்த எமது குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த சொத்து கைமருந்து அறிவு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட லயங்களுக்கு வந்த பின்னும் தடிமனுக்குக் கொத்தமல்லி, உடற்சூட்டுக்கு ஆவாரம்பூ, நன்னாரி என்று அவித்துக் குடிக்கிறார்கள். சிங்கள அயலவரும் இவற்றையே ரணவரா, இரமுசு என்று குடிக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் குளிசையையும் இவற்றோடு சேர்த்து விழுங்குவதைப் பற்றி நாம் பேசியே ஆகவேண்டும்.

நாம் சந்தித்த ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இரத்தச்சோகை. மாதக்கணக்கில் இரும்புக் குளிசை எடுத்தும் இரத்தம் கூடவில்லை. "குளிசையை வீசிவிடுகிறாய்" என்று கிளினிக்கில் ஏச்சு. உண்மையில் அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. வெறுந்தண்ணீரில் குமட்டுகிறது என்று ஆவாரம்பூத் தேநீரோடு விழுங்கியிருக்கிறார்! எதனோடு விழுங்குகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது அவருக்கு விளங்காத மொழியில்தான் இருந்திருக்கும். ஏசுவதற்கு எடுத்த நேரத்தில் பாதி போதும், இதைத் தமிழில் கேட்க.

வாழைப்பூ நறுக்கும் இரும்புக் கத்தி கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். துவர்ப்பிலுள்ள தனின் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. வயிற்றிலும் இதுவே நடக்கிறது. பிடிபட்ட இரும்பு கரையாது, இரத்தத்தில் சேராது, மலத்தோடு போய்விடும். ஆவாரையில் துவர்ப்பு அதிகம். அதன் பட்டை தோல் பதனிடவே உதவுகிறது. நாம் பறிக்கும் தேயிலையும் சளைத்ததல்ல. குளிசையில் உள்ள இரும்பு உப்பைக் கரைத்துக் கொடுத்தபோதும் தேநீர் அதைத் தடுத்ததை 1975இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், ரொட்டியிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைச் சாதாரணத் தேநீர் நூற்றுக்கு 79 முதல் 94 வரை குறைத்தது. புதினா வகை மூலிகைத் தேநீர் 84. பால் சேர்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. எல்லா மூலிகையும் ஒரே அளவில் தடுப்பதில்லை என்பதும் அதில் தெரிந்தது.

ஆகவே தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு அது இல்லாமல் யார் போவார்? குளிசைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் தேநீரோ மூலிகைக் குடிநீரோ வேண்டாம், அவ்வளவுதான். கிளினிக்கில் தரும் விற்றமின் சி குளிசையை இரும்போடு சேர்த்தே எடுக்கலாம். தேசிக்காய்த் தண்ணீரும் நல்லது. கல்சியம் குளிசை வேறு வேளைக்கு. குமட்டினால் சாப்பிட்ட பிறகு எடுங்கள். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்தே தேநீர் குடிக்கவேண்டும்.

நீரிழிவுக்காரர் விரும்பும் கோத்தல ஹிம்புட்டுவின் கதை வேறு. அது குளிசையைத் தடுப்பதல்ல, தானும் சீனியைக் குறைப்பது. 2005இல் இலங்கையில் 51 நோயாளரிடம் செய்த ஆய்வு அதன் பலனைக் காட்டியது. பலன் இருப்பதால்தான் கவனம் தேவை: வைத்தியர் தந்த குளிசையோடு இதுவும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். மயக்கம், நடுக்கம், வியர்வை வந்தால் உடனே சீனித்தண்ணீர் குடித்துவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

ஏச்சுக்குப் பயந்து பலர் கைமருந்தை மறைக்கிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்த மூலிகைப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மொழி தெரியாவிட்டாலும் குளிசையையும் பொட்டலத்தையும் மருத்துவ மாதின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.