ஒரே பதிலுக்கு ஆயிரம் கணக்கு

வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் ஸ்ரீரங்கத்தைப் பற்றி இணையத்தில் தேடுவோரில் பெரும்பாலோருக்குக் கேள்வி ஒன்றுதான்: பரமபத வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும்? பதிலும் ஒன்றுதான். ஆனால் வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற சிஎம்எஸ் மென்பொருளில் ஓடும் தளம், ஒவ்வொருவர் கேட்கும்போதும் டேட்டாபேஸைத் துழாவி அதே பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தருகிறது. கூட்டம் கூடினால் சர்வர் படுத்துவிடுகிறது.

ஸ்ரீரங்கம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கணித்து அச்சடித்துவிடுகிறார்கள். திதி பார்க்கக் கணித்தவரை யாரும் எழுப்புவதில்லை. 2008இல் வந்த ஜெகில், 2013இல் வந்த ஹியூகோ முதலான ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்கள் செய்வதும் இதையே. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாக ஆக்கிவைக்கும். சர்வர் எடுத்து நீட்டினால் போதும்.

‘அதற்குத்தான் கேஷ் பிளகின் இருக்கிறதே’ என்பார்கள். கட்டிய பக்கத்தைச் சேமித்துவைத்துத் திரும்பக் கொடுப்பதுதானே அது? ஸ்டாட்டிக் தளத்தைக் கொல்லைப்புறமாக அழைத்துவருகிற வேலை. அந்தப் பிளகினுக்கும் அப்டேட் போட வேண்டும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 தொடக்கத்தில் பார்த்தோம். வேர்ட்பிரஸில் இருந்த ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வந்த பிறகும், அதற்கு மாறாத தளங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பாஸ்வேர்டு இல்லாமலேயே மாற்றி எழுதினார்கள்.

சாதாரணக் கோப்புகளின் ஆயுளுக்குத் தமிழிலேயே சாட்சி உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை எச்டிஎம்எல், பிடிஎஃப் கோப்புகளாகவே வைத்தது. டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற வேண்டி வந்தபோது கோப்புகளை மாற்றினால் போதுமாக இருந்தது.

திருச்சியின் கல்லூரிகள், மருத்துவமனைகள், கடைகள் பலவற்றின் தளங்கள் ஆண்டில் சில முறையே மாறுபவை. அவற்றுக்கு டேட்டாபேஸ் எதற்கு? தரிசனச் சீட்டு, உண்டியல் காணிக்கை, தேர்வு முடிவு இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். அந்தப் பகுதியைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

வேர்ட்பிரஸின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டாட்டிக் தளத்துக்கு எழுதப் பயன்படும் மார்க்டவுன், கிட் என்று பேச்செடுத்தால் கல்லூரி அலுவலக உதவியாளர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். வேர்ட்பிரஸில் அவரே சுற்றறிக்கையை ஏற்றிவிடலாம். டீகேப் போன்ற கருவிகள் ஸ்டாட்டிக் தளத்துக்கும் அப்படியொரு திரையைத் தருகின்றன. ஆனால் அதை அமைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் பிழைக்கும் நிறுவனம் தானாக முன்வந்து அதைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டியவர் வாடிக்கையாளர்தான். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாப் பக்கங்களும் எந்த சர்வரிலும் அப்படியே திறக்கக்கூடிய கோப்புகளாகக் கைக்கு வர வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்துப் பார்க்கட்டும். எத்தனை பேர் விலைப்புள்ளி தருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.