அப்பளத் துணியின் மேல் ஒரு யந்திரம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் உலர்த்தும் மொட்டை மாடிகளுக்குக் குறைவில்லை. தாமிரவருணிக் காற்று துணியைத் தூக்கிவிடாதிருக்க நான்கு மூலைகளிலும் கனமாக எதையேனும் வைப்பார்கள். உறவினர் வீடொன்றில் மூன்று மூலைகளில் கருங்கல் இருந்தது. நான்காவது மூலையில் ஒரு விசித்திர வஸ்து! கைக்கு அடக்கமான வட்டச் சட்டம், இரு பக்கமும் கண்ணாடி, நடுவே மெல்லிய குழல், அடியில் மரை போட்ட கனத்த பித்தளை மூடி.

"இது என்ன, மாமி?" என்றேன்.

"பரணிலே கிடந்ததுடா. மாமாவோட தாத்தா காலத்து ஜுரமானின்னு சொல்றா. வெள்ளிக்கிழமை பித்தளைக்காரன் வரான். எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அன்று புதன்கிழமை. இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பூதக் கண்ணாடியில் பார்த்தபோது முகப்பில் 'பாய்ஸ் மோட்டோமீட்டர்' என்ற ஆங்கில எழுத்துக்கள் தென்பட்டன. மாமி சொன்னது முழுப் பிசகு அல்ல. இது மோட்டார் காருக்கு வரும் ஜுரத்தை அளந்த கருவிதான்!

அமெரிக்காவில் 1912-இல் உரிமைப் பட்டயம் பெற்ற இந்த உஷ்ணமானி, காரின் முன்னால் ரேடியேட்டர் மூடியின் மேல் கோபுரக் கலசம் போல் நின்றது. இதன் அடிக்குழல் நீருக்குள் முழுகாது. நீருக்கு மேலேயுள்ள ஆவியின் சூட்டையே அறியும். சூடு ஏற ஏறக் குழலிலுள்ள சிவப்புத் திரவம் உயரும். ஓட்டுகிறவர் தம் ஆசனத்திலிருந்தே அதைக் கண்டு, நீர் கொதிக்குமுன் வண்டியை நிறுத்துவார். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு 'டி' கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நீரை இறைக்கும் பம்பு கிடையாது. சுடுநீர் தானே மேலெழும் இயல்பை நம்பியே அவை ஓடின. சித்திரை வெயிலில் அத்தகைய வண்டியை ஓட்டியவருக்கு இக்கருவியின் அருமை தெரிந்திருக்கும். பின்னர் சூடு காட்டும் முள் ஓட்டுகிறவரின் எதிர்ப்பலகைக்கே வந்துவிட, கலசத்துக்கு வேலை போயிற்று.

பெயர் தெரிந்தது; வயது? இக்கருவிகளில் பட்டயத் தேதிகளைப் பொறிப்பதுண்டு. கடைசித் தேதிக்கு முன் அது செய்யப்பட்டிராது என்பது நிச்சயம். ஆனால் அதுவே பிறந்த வருஷம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கருவியிலோ அந்த இடமே வழவழவென்றிருந்தது. மாமி வருஷந்தோறும் சரஸ்வதி பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்! அழுக்கென்று எண்ணிக் கரைத்ததில் முகவரியும் போய்விட்டது. பழம்பொருள் கிடைத்தால் உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காரில் இருந்தது என்பது இன்னும் கடினம். மூடியின் மரையை அளந்து, பழைய வண்டிகளின் ரேடியேட்டர் வாயோடு ஒப்பிட வேண்டும். மூடியும் கருவியும் தனித்தனி உறுப்புகளாதலால், ஒரு காரின் மூடி வேறொரு காரின் கருவியோடு சேர்ந்திருக்கவும் கூடும். கோயம்புத்தூரில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் காட்சிசாலைக்கு அளவுகளோடு போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன். அயலூர்ச் சரக்காயினும், நம் மண்ணில் ஓடிய வண்டியின் சரித்திரம் நம்முடையதல்லவா?

இதே ஜில்லாவின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரிவாயுவால் மோட்டாரை ஓட்டும் 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்ற சாதனத்தை உருவாக்கினார். அதன் குழாயோ மூடியோ எந்தப் பரணில் என்ன பெயரோடு கிடக்கிறதோ!

வெள்ளிக்கிழமை பித்தளைக்காரர் வந்தார். ஓட்டைத் தவலை ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அப்பளத் துணிக்கு நான்காவது கல்லை ஆற்றிலிருந்து நானே சுமந்து வந்தேன்.