ஓரியின் அம்பும் ஒளியின் அம்பும்

யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தையும் ஓரம்பால் ஊடுருவி வீழ்த்தியவன் கொல்லிமலைக் கோமான் வல்வில் ஓரி எனப் புறநானூற்றில் வன்பரணர் பாடிவைத்தார். அவ்வில்லாண்மைக்குக் கொல்லிமலையில் ஆண்டுதோறும் அரசு விழா எடுக்கப்படுகின்றது. போற்றுதல் தக்கதே. ஆனால், அம்மலையில் இன்று தமிழிற் பயிலும் பழங்குடிச் சிறார், இற்றை நாளின் வில்லாண்மையாகிய இயற்பியலின் முகட்டைத் தம் மொழியாலேயே எட்ட வழியுண்டா? இவ்வினாவை எழுப்பாத விழா வெற்றாரவாரமே!

சான்றுக்கு ஒரு துறையை எடுத்துக்கொள்க: இலேசர் எனப்படும் சீரொளியால் அணுக்களைக் குளிர்வித்துச் சிறைப்படுத்தும் முதுநிலை ஆய்வு. கொல்லிமலையின் பனிக்காலக் குளிரிலுங்கூடக் காற்றின் துகள்கள் நொடிக்கு 400 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. துகள்களின் ஓட்டமே வெப்பம். ஓட்டத்தை அடக்குதலே குளிர்வித்தல். எதிர்வரும் ஒளித்துகளை ஏற்குந்தோறும் அணு சிறிதே பின்தள்ளப்படும். உருபீடியம் என்னும் மாழையின் அணுவை ஒரு மோதல், நொடிக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அளவே தளரச் செய்யும். நொடிக்கு 300 மீட்டர் ஓடும் அணுவை நிறுத்த ஏறத்தாழ 50,000 மோதல்கள் வேண்டும். ஓரிக்கு ஓரம்பு போதியது. இங்கோ ஐம்பதினாயிரம் ஒளியம்புகள்!

எதிரே வரும் தொடர்வண்டியின் ஊதல் கூர்ந்து ஒலிப்பதுபோல், ஒளியை எதிர்த்து வரும் அணுவுக்கு அதன் அலைவெண் சற்று உயர்ந்து படும். ஆகலின், அணு ஏற்கும் அலைவெண்ணுக்குச் சற்றுத் தாழ்வாகச் சீரொளியை அமைத்தால், எதிர்த்து வரும் அணுவே அதனை மிகுதியாக ஏற்று விரைவிழக்கும். ஆறு பக்கமும் கதிர் பாய்ச்சிக் காந்தப்புலமும் கூட்டினால் அணுக்கள் நடுவிற் சிக்கும். 1987-இல் வெளிப்பட்ட இக்கருவியைக் காந்த ஒளிப்பொறி எனலாம். இத்துறைக்காகவே சூ, கோகன்-தனூச்சி, பிலிப்சு ஆகிய மூவரும் 1997-இல் நோபல் பரிசு பெற்றனர். திருச்சியிற் பிறந்த சி.வி. இராமன் பெங்களூரில் நிறுவிய ஆய்வுக் கழகத்திலும் இவ்வாய்வு நடைபெறுகின்றது.

மேற்சொன்னவற்றுள் எது தமிழுக்கு அடங்காதது? சீரொளி, ஒளித்துகள், அலைவெண், காந்தப்புலம், பொறி எனச் சொற்கள் தாமே வந்து நிற்கின்றன. “தமிழிற் சொல்லில்லை” என்பது சோம்பலின் கூற்றேயன்றி அறிவின் கூற்றன்று. எனினும், நம் பல்கலைக்கழகங்களில் முதுநிலை இயற்பியல் வகுப்பும் ஆய்வேடும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. கணக்கு விளங்கியும் மொழி விளங்காத கரணியத்தால் மலைப்பிள்ளை பின்தங்குகிறான். இழப்பு அவனுக்கு மட்டுமன்று, இனத்துக்கே!

இத்துறையே வேறொரு பாடமும் தருகின்றது. உருபீடிய அணுக்களைச் சீரொளியாலும் பின்னர்ப் பிற முறையாலும் மேன்மேலும் குளிர்வித்து 1995-இல் எய்திய புதுநிலைக்குப் ‘போசு-ஐன்சுடைன் செறிவு’ என்று பெயர். 1924-இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போசு ஆங்கிலத்தில் எழுதியனுப்பிய கட்டுரையை, ஐன்சுடைன் தாமே செருமன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். தம் மொழிக்குக் கொணர்தலை அப்பேரறிஞர் இழிவாகக் கருதவில்லை. அப்போசு, 1948-இல் வங்க அறிவியற் கழகத்தைத் தோற்றுவித்து, வங்கமொழியிலேயே அறிவியல் திங்களிதழ் வெளிவரச் செய்தார். வங்கர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

உலக இதழ்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுக, எவரும் தடுக்கவில்லை. ஆனால், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் இயற்பியல் ஆய்வேடு ஒவ்வொன்றுக்கும், ஆய்ந்தவரே எழுதிய முழுத் தமிழ்ப்படி ஒன்று வேண்டுமென விதி செய்க. அப்படிகள் கொல்லிமலைச் செம்மேட்டுப் பள்ளிவரை சென்று சேர்க. தமிழ்ப் பேராசிரியர்களும் இயற்பியலாளர்களும் ஒருங்கமர்ந்து கலைச்சொற்களைச் செப்பஞ்செய்க. ஓரிக்கு மாலையிடும் அரசு முதற்கண் ஆற்றவேண்டிய கடன் இது. அதனைக் கேட்டுப் பெறுதல் தமிழர் கடன்!