744 கோடியும் நான்கு தங்கமும்

2010 அக்டோபர் முதல் வாரம். டெல்லி காமன்வெல்த் போட்டிகளின் மல்யுத்த அரங்கில் இந்தியக் கொடி திரும்பத் திரும்ப ஏறியது. கிரேக்க-ரோமன் பிரிவில் மட்டும் நான்கு தங்கம்: 55 கிலோவில் ராஜேந்தர் குமார், 60 கிலோவில் ரவீந்தர் சிங், 74 கிலோவில் சஞ்சய் குமார், 96 கிலோவில் அனில் குமார். அதன் பிறகு நடந்த காமன்வெல்த் போட்டிகளில் கிரேக்க-ரோமன் பிரிவே சேர்க்கப்படவில்லை. அதனால் அந்த நான்கு தங்கமும் இன்றுவரை சாதனைப் பட்டியலில் தனித்து நிற்கின்றன.

அந்தப் பட்டியலில் இடம்பெறாத எண் ஒன்று உண்டு. 744 கோடி ரூபாய். டெல்லியின் பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்பு உட்கூறுத் திட்டத்திலிருந்து காமன்வெல்த் போட்டிகள் தொடர்பான செலவுகளுக்கு மடைமாற்றப்பட்ட தொகை அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஆவணங்களைக் கொண்டு வீட்டுரிமை இயக்கத்தினரும் தலித் மனித உரிமை இயக்கத்தினரும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். நிதி மாற்றப்பட்டதை அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். அதே போட்டிகளுக்காக டெல்லியின் குடிசைப் பகுதிகள் இடிக்கப்பட்டதும் நமக்குத் தெரியும்.

சிறப்பு உட்கூறுத் திட்டம் யாரும் போட்ட பிச்சையல்ல. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடோ, திட்ட நிதியிலும் அத்தனை விழுக்காடு அவர்களுக்கு நேரடியாகச் செலவிடப்பட வேண்டும் என்பதே 1979 முதல் உள்ள அதன் அடிப்படை. வேறு பணிக்கு மாற்றக் கூடாது, செலவழிக்காமல் காலாவதியாக விடவும் கூடாது. "மேம்பாலத்தில் தலித்துகளும்தானே போவார்கள், அரங்கத்தில் தலித்துகளும் விளையாடலாமே" என்பது மடைமாற்றத்துக்குச் சொல்லப்படும் வழக்கமான சமாதானம். சரி, விளையாடலாம் என்றே வைத்துக்கொள்வோம். விளையாடினார்களா? விளையாட என்ன வழி செய்யப்பட்டது? இந்தக் கட்டுரை கேட்பது அவ்வளவுதான்.

கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் தட்டிவிடவும் கூடாது. ஃப்ரீஸ்டைலில் உள்ள காலைப் பறித்து விழவைக்கும் உத்தி இதில் செல்லாது. ஆகவே இரண்டு பேரும் மார்போடு மார்பாக, கழுத்தோடு கழுத்தாக, ஒருவர் வியர்வை மற்றவர்மேல் வழிய நின்றாக வேண்டும். மூன்று நிமிடமாக இரண்டு சுற்று. விலகி விலகி நிற்பவரை நடுவர் எச்சரிப்பார், தொடர்ந்தால் எதிராளிக்குப் புள்ளி கொடுப்பார். தொடுவதைத் தவிர்ப்பது இங்கே குற்றம்.

டெல்லியில் இன்னொன்றும் நடந்தது. 96 கிலோ இறுதிப் போட்டியில் அனில் குமாரிடம் தோற்ற ஆஸ்திரேலிய வீரர் கைகொடுக்க மறுத்தார், அதிகாரிகளை நோக்கி ஆபாசமாகச் சைகை காட்டினார். அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார், வெள்ளிப் பதக்கம் பறிபோனது. எதிராளியின் கையைத் தொட மாட்டேன் என்பதையும் அவமரியாதையாகக் கருதித் தண்டிக்கும் விளையாட்டு, தீண்டாமையைத் தர்மமென்று வைத்திருந்த நாட்டின் தலைநகரில், தலித்துகளின் நிதியும் சேர்ந்து நடந்த போட்டியில் ஆடப்பட்டது.

"களத்தில் இறங்கினால் சாதி போய்விடும்" என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்வோம். புனேயில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய தலித் பந்துவீச்சாளர் அவர். அவர் தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனியாக, மண் குவளையில். நூறு ஆண்டு கழித்து 2021இல், டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் சென்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள். களத்துக்குள் தொட்டுக்கொள்வதால் மட்டும் சாதி ஒழியாது. களத்துக்குள் யார் வருகிறார், களத்துக்கு வெளியே அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

நான் வசிக்கும் முத்தாபுதுப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விமானப்படை நிலையம் இங்கே இருக்கிறது. பக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ், தமிழ்நாடு சிறப்புக் காவல்படை. சீருடையும் அரசுச் சம்பளமும் இந்தப் பகுதியின் முகம். இந்திய மல்யுத்தம் பிழைத்திருப்பதும் இதே சீருடைகளால்தான். கிரேக்க-ரோமன் வீரர் ஒருவருக்கு ரசிகர் கூட்டமோ விளம்பர ஒப்பந்தமோ கிடையாது. ராணுவத்திலோ ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு வழியாகக் கிடைக்கும் வேலைதான் அவருக்குச் சோறு. அந்த வேலை இல்லையென்றால் இருபது வயதில் பயிற்சியை விட்டுவிட்டு வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான்.

அந்த வேலைகளுக்கு என்ன ஆகிறது? 2021 அக்டோபர் 1ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை அவற்றில் ஒன்றின் கீழ் போனது. பங்குகள் இன்னும் அரசிடம் இருக்கின்றன என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் நிரந்தரப் பணியிடம் குறைந்து ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் எடுப்பது பெருகப் பெருக, சாதிவாரி இடஒதுக்கீடும் போகும், விளையாட்டு ஒதுக்கீடும் போகும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. நூறு பேரை நிரந்தரமாக எடுத்தால்தான் அதில் மூன்று பேர். எடுக்கவே இல்லையென்றால் அந்த மூன்று விழுக்காடு வெறும் தாள்.

சோற்றுக்கு வருவோம். மல்யுத்தம் பால், முட்டை, இறைச்சி, பருப்பு கேட்கும் விளையாட்டு. வட இந்திய அகாடாக்கள் பெரும்பாலும் நிலமும் மாடும் உள்ள சாதிகளின் ஊர்களில் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2010இல் வென்றவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சி அவர்களுடையது, வலி அவர்களுடையது. ஆனால் அந்தப் பயிற்சிக்குள் நுழைய ஒரு பையனுக்கு வீட்டில் என்ன இருக்க வேண்டியிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. இங்கே ஆதிதிராவிடர் நல விடுதியில், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாறிய இடத்தில், பள்ளி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளுக்கு ஐம்பது ரூபாய்கூட இல்லை. இதில் மூன்று வேளை. இந்த உணவில் 96 கிலோ மல்லர் எப்படி வளர்வார்?

"நமக்குத்தான் கபடி இருக்கிறதே, ஐரோப்பிய விளையாட்டு எதற்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டிகளில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடியதைக் கொண்டாடினோம், சரிதான். ஆனால் கண்ணகி நகர் கபடியைத் தேர்ந்தெடுத்ததா? கையில் இருந்தது மண்தரை மட்டும், அதில் ஆட முடிந்தது கபடி. மெத்தையும் பயிற்சியாளரும் வேண்டிய விளையாட்டுகள் நமக்கில்லை என்று நாமே ஒதுங்கினால், அதுவும் ஒரு சேரிதான். ஆப்பிரிக்க வழிவந்த கியூபரான மிஹைன் லோபஸ், 2008 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன் தங்கம் வென்றார். பணக்கார நாடல்ல கியூபா. அரசு பொறுப்பெடுத்துப் பயிற்சி கொடுத்தது. அதே 2024 பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து ஒரு கிரேக்க-ரோமன் வீரர்கூடத் தகுதி பெறவில்லை.

மற்போர் நமக்குப் புதிதுமல்ல. புறநானூற்றின் 82ஆம் பாட்டு, சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனோடு மோதிய வேகத்தைப் பற்றியது. அந்த வேகத்துக்குச் சாத்தந்தையார் காட்டும் உவமை ஒரு கட்டில் பின்னுகிறவரின் கை. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை, பொழுது சாய்கிறது. அத்தனைக்கும் நடுவே அவர் வாரைக் கோத்து ஊசியை ஓட்டுகிறார். இவ்வளவு நுட்பமாகக் கவனிக்கப்பட்ட அந்த மனிதரைக் குறிக்கப் பாட்டில் உள்ள சொல், இழிசினன். அச்சொல் அன்று எதைக் குறித்தது என்று அறிஞர்கள் வாதிடட்டும். அவர் கையின் வேகம் அரசனின் புகழுக்குக் கடனாகப் போனது. களத்தில் அவர் இல்லை. 2010இல் போனது நிதி.

தமிழ்நாட்டில் இப்போது ஒரு பிடி இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்த நிதியிலிருந்து மாவட்டத்துக்கு ஒரு சமூகநீதி விடுதியிலாவது மல்யுத்த மெத்தையும் முழுநேரப் பயிற்சியாளரும் வேண்டும். சில லட்ச ரூபாய்ச் செலவு. சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்குக் கிரேக்க-ரோமன் பிரிவு இல்லை, ஆனால் அதே மெத்தையில் அவர்கள் ஃப்ரீஸ்டைல் பழகலாம். பயிற்சி பெறும் பிள்ளைகளுக்குத் தனி உணவுப்படி வேண்டும். 3 விழுக்காட்டில் எத்தனை இடம் நிரப்பப்பட்டது, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுள்ளன. அரங்கம் கட்டுவார்கள், சாலை போடுவார்கள், குடிசைகளை மறைப்பார்கள். எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கேள்வியை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். தகவல் அறியும் உரிமை மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். 744 கோடியை வெளியே கொண்டுவந்தவை அப்படிப்பட்ட மனுக்கள்தான். ஆனால் அன்று விவரம் கைக்கு வந்தபோது அரங்கங்கள் கட்டப்பட்டுவிட்டன. இந்த முறை அஸ்திவாரம் தோண்டும் முன்பே மனுவைப் போடுவோம்.